நீடாமங்கலம் கேட்டில் தூக்கி நின்ற பானெட்

நீடாமங்கலம் ரயில்வே கேட் விழுந்துவிட்டால் எல்லோரும் வண்டியை அணைத்துவிடுவோம். தஞ்சாவூர் - திருவாரூர் பாதையிலிருந்து மன்னார்குடிக்குப் பாதை பிரிகிற ஜங்ஷன் அது. ஒரு ரயில் போனதும் திறந்துவிடுவார்கள் என்று நம்ப முடியாது. தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அப்படி நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றி நின்ற லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, முன்னாடி மூடி தூக்கிக்கிட்டு நிக்குது, பாக்கலையா?" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். பானெட்டின் முன் விளிம்பு ஒரு விரல் அளவுக்கு மேலே நின்றது. சின்ன கார்களில் பானெட் சரிவாக இறங்குவதால் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த விளிம்பு தெரிவதே இல்லை. காலையில் கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியிருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூடிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். மன்னார்குடியிலிருந்து அதுவரை அந்த ஒரு கொக்கியை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

நான் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. 2014 மாடல் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்குக் காற்று அடிப்பது முதல் ஆயில் மாற்றுவது வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் பெட்ரோல் காசைப் பங்குபோட்டுக்கொண்டு தினமும் என்னோடு வருகிறார்கள். ஆகவே வண்டியில் ஒரு குறை என்றால் அது என் உயிரோடு மட்டும் நிற்கிற விஷயம் இல்லை.

கேட்டில் நான் செய்த முதல் காரியமே தப்பு. இரண்டு உள்ளங்கையையும் பானெட்டின் நடு விளிம்பில் வைத்து ஓங்கி அமுக்கினேன். கையை எடுத்தால் மறுபடி எழும்பியது. மூன்றாவது தடவை அமுக்கும்போது தகடு உள்ளே போவது கையில் தெரிந்தது. அதற்குள் கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "விடுங்க டீச்சர், ஸ்கூல் போய்ப் பாத்துக்கலாம்" என்றார் பக்கத்து சீட் டீச்சர். கிளம்பினோம்.

ஊரைத் தாண்டி வலங்கைமான் ரோட்டில் எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அது கடந்துபோன காற்றில் பானெட் ஒரு துள்ளு துள்ளியது. கண்ணாடிக்கு முன்னால் அந்த வெள்ளைத் தகடு ஒரு நொடி எழும்பி அடங்கியதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பின் சீட்டில் யாரும் பேசவில்லை. மெதுவாக இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

ரோட்டோரம் ஒரு பெரியவர் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் டெல்டா முழுக்க ரோடுதான் களம். நடந்ததைச் சொன்னதும் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றில் இரண்டு முழம் அறுத்துக் கொடுத்தார். பானெட்டின் அடியில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும், அதில் கயிற்றைக் கோத்து, ரேடியேட்டருக்கு மேலே போகும் குறுக்குப் பட்டையைச் சுற்றி இறுக்கி முடிந்தேன். மிச்சக் கயிறு தொங்காமல் ஒட்ட வெட்டிவிட்டேன். பின்னாலேயே ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, நுனி போய் மாட்டினால் அது வேறு வம்பு. பள்ளிக்கு முப்பதைத் தாண்டாமல் ஓட்டிப் போனோம்.

அன்று சாயங்காலம் தொடங்கி பன்னிரண்டு நாள், மூன்று பட்டறை. கடைசியில் தெரிந்த காரணங்களில் பாதி நம் வயலும் வைக்கோலும் கொண்டுவந்தவை. அறுவடை நாட்களில் இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிற யாருக்கும் இது நடக்கலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்திருந்தால் நான் அமுக்கியிருக்க மாட்டேன். பானெட்டுக்கு இரண்டு பிடி உண்டு. ஒன்று மெயின் லாக். மற்றது அது விட்டுப்போனால் பானெட் பறக்காமல் பிடிக்கிற சேஃப்டி கொக்கி. பானெட்டைத் திறக்கும்போது இடுக்கில் விரலை விட்டுத் தள்ளுகிறோமே, அதுதான் கொக்கி. மெயின் லாக்கில் இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். ஒன்று வயல் நண்டின் கொடுக்கு மாதிரி பிளந்திருக்கும். பானெட் கம்பி மேலிருந்து வந்து அந்தப் பிளவில் இறங்கியதும் கொடுக்கு சுழன்று கம்பியைக் கவ்வும். கொடுக்கு திரும்பிப் போகாமல், ஸ்பிரிங் இழுக்கிற இன்னொரு துண்டு பக்கத்திலிருந்து வந்து முட்டுக் கொடுக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே நாம் இழுக்கிற லீவர் இந்த முட்டைத்தான் கேபிள் வழியாக விலக்குகிறது. முட்டு விலகினால் கொடுக்கு கம்பியை விட்டுவிடும், பானெட் எழும்பும்.

அதனால் பானெட் ஒழுங்காக மூடினால் இரண்டு சத்தம் கேட்கும். கொக்கி விழும் 'டக்', அதை ஒட்டியே லாக் கவ்வும் 'டொக்'. இரண்டாவது கொஞ்சம் கனமாக இருக்கும். அன்று காலை எனக்குக் கேட்டது முதல் சத்தம் மட்டும்தான். முட்டு தன் இடத்துக்குத் திரும்பாமல் விலகியே நின்றால் கொடுக்குக்குப் பிடிமானமே கிடையாது. அப்போது எத்தனை பேர் சேர்ந்து அமுக்கினாலும் தகடுதான் நெளியும்.

முதல் பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, "டிரையா இருக்கு டீச்சர்" என்று சொல்லி, விரல் நிறைய கறுப்பு கிரீஸை எடுத்து லாக்கில் அப்பினார். நாலைந்து தடவை திறந்து மூடினார். மூடியது. காசும் வாங்கவில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் ஐந்தாம் நாள் மறுபடி விரல் அளவு தூக்கிக்கொண்டது.

இரண்டாவது இடத்தில் லாக்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, லாக்கையே கொஞ்சம் மேலே தூக்கி முடுக்கினார்கள். பானெட்டின் இரண்டு மூலையிலும் அதைத் தாங்குகிற ரப்பர் புஷ்களைத் திருகி இறக்கினார்கள். இறங்கி வராத பானெட்டைத் தேடி லாக் மேலே போன கதை. ஓங்கிப் போட்டால் மூடியது. மறுநாளே ரோட்டுப் பள்ளங்களில் பானெட் கடகடவென்று ஆடியது. இருபக்க மட்கார்டை விடப் பானெட் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. அதைவிட மோசம், அடுத்த வாரம் கூலன்ட் பார்க்க லீவரை இழுத்தேன், பானெட் திறக்கவே இல்லை. ரப்பர் புஷ் சரியான உயரத்தில் இருந்தால்தான் லாக் விட்டதும் பானெட்டை மேலே உந்தித் தரும். அதை இறக்கிவிட்டதால் உந்த ஆள் இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. ஒருவர் உள்ளே லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், விடக் கூடாது. இன்னொருவர் வெளியே லாக் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே உள்ளங்கையை விரித்து வைத்து மெல்ல அமுக்கி அமுக்கி விட வேண்டும். கம்பி கொடுக்கில் இறுகி நின்றால் அந்த இறுக்கம் தளர்ந்து விடுபடும். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி லீவரைப் பிடிக்க, நான் அமுக்க, நாலாவது தடவை திறந்தது. லீவரே அறுந்து கையோடு வந்துவிட்டால், டாஷ்போர்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும், கேபிள் உறைக்குள் ஓடுகிற இன்னர் கம்பியைக் குறட்டால் பிடித்து இழுக்கலாம்.

மூன்றாவதாகப் போனது மன்னார்குடியிலேயே ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அண்ணன் ஒருவர், கூட ஒரு பையன். அவர் லாக்கைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்து, அதைத் தாங்குகிற முட்டுக் கம்பியில் நிறுத்திவிட்டு, "டீச்சர், நீங்க உள்ள போயி லீவர இழுத்துட்டு விடுங்க, நான் இங்க பாக்குறேன்" என்றார். இழுத்து விட்டேன். "நீங்களே வந்து பாருங்க" என்றார். லாக்கில் அந்த முட்டுத் துண்டு விலகிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நாலு எண்ணுகிற நேரம் கழித்து மெல்ல நகர்ந்து வந்தது, அதுவும் பாதி வழிதான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். கேபிள் நுனியை லாக்கிலிருந்து கழற்றிவிட்டார். "கேபிள் கோளாறா, லாக்கு கோளாறா? ரெண்டையும் சேத்து வச்சிக்கிட்டுப் பாத்தா தெரியாது டீச்சர். பிரிச்சுப் பாக்கணும்" என்றார். கேபிள் இல்லாமல் முட்டுத் துண்டை விரலால் இழுத்து விட்டார். அப்போதும் மந்தமாகத்தான் திரும்பியது. ஆக, லாக்கில் கோளாறு. பிறகு பையனை லீவரை இழுத்து விடச் சொன்னார். கழற்றி விட்ட கேபிள் நுனியில் இன்னர் கம்பி உள்ளே போனது, நுனியைப் பிடித்து இழுத்தாலும் சுலபமாகத் திரும்ப வரவில்லை. கேபிளிலும் கோளாறு. இரண்டு நோய், ஒரே காய்ச்சல்.

லாக்கை வெளியே எடுத்துப் பார்த்தோம். முன்னால் அப்பிய கறுப்பு கிரீஸ் முழுக்க நெல் சுணை. சுணை தெரியாதவர்களுக்கு: நெல்லின் தோலில் இருக்கும் அந்தப் பொடி முடிகள், களத்தில் நின்றால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதுதான். கூடவே பதர், வைக்கோல் தூசி, ரோட்டு மண். எல்லாம் கிரீஸில் குழைந்து ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. அண்ணன் திருப்புளி முனையால் கிளறியதும் ஒரு முழுப் பதர் நெல்லே எழும்பி வந்தது. ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவிலும் அதே அடைசல். ஸ்பிரிங்குக்குச் சுருங்கி விரிய இடமே இல்லை.

யோசித்தால் அது அங்கே போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். லாக் இருப்பது கிரில்லுக்கு நேர் பின்னால். ரேடியேட்டருக்குக் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அறுவடை மிஷின் வயலில் ஓடினால் ரோட்டில் புகை மூட்டம் மாதிரி தூசி. ரோட்டில் காயும் நெல்மேல் வண்டி ஏறி இறங்கும்போது இன்னும் கொஞ்சம். மாசி வரைக்கும் தினமும் அதைத்தான் கார் மூச்சாக இழுக்கிறது. (இதை ஒட்டியே ஒன்று. ரோட்டில் கிடக்கும் வைக்கோல்மேல் ஓட்டிவிட்டு வந்தால் குனிந்து அடியில் பாருங்கள். சைலன்சர் பக்கம் சுற்றிய வைக்கோல் சூட்டில் பற்றிக்கொள்ளும்.)

கிரீஸுக்கும் அடியில், உலோகத்தை ஒட்டி, மஞ்சளாக ஒரு பிசின் படலம் இருந்தது. "இது என்னன்னு தெரியலையே" என்று அண்ணன் மோந்து பார்த்தார். எனக்குத் தெரியும். கார்த்திகையில் பானெட் திறக்கும்போது கிரீச்சென்று சத்தம் வந்தது. வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை நான்தான் ஊற்றினேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாக நிற்பதைத் தினமும் பார்க்கிறோம், லாக்குக்குள்ளும் அப்படித்தான் நின்றிருக்கும் என்று தோன்றவில்லை. நாளானால் பிசுபிசுவென்று ஒட்டவும் செய்யும். சமையல் எண்ணெய் எதையுமே பூட்டிலும் கீலிலும் விடக் கூடாது. அண்ணனிடம் சொன்னேன். "பரவால்ல டீச்சர், வீட்டுக்கு வீடு அதான் ஊத்துறாங்க" என்றார்.

கழுவியது டீசலில். பழைய பல் விளக்கும் பிரஷ்ஷை டீசலில் நனைத்து, கொடுக்கை ஆட்டி ஆட்டித் தேய்த்தார் பையன். மூன்று தடவை கறுப்பாக வழிந்து, நாலாவது தடவை தெளிந்தது. துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தார்கள். வீட்டில் லாக்கைக் கழற்றாமலே கழுவலாம், அப்படிச் செய்தால் என்ஜின் ஆறியிருக்க வேண்டும், அடியில் ரேடியேட்டர்மேல் தடித்த துணி விரித்துக்கொள்ள வேண்டும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேக்கள் அழுக்கையும் துருவையும் இளக்க நல்லவை. ஆனால் அடித்துவிட்டு அதுதான் மசகு என்று விட்டுவிட்டால் சீக்கிரம் காய்ந்துபோகும். துடைத்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும். எவ்வளவு? அண்ணன் வைத்தது கொடுக்கு சுழலும் அச்சில் ஒரு கடுகளவு, முட்டுத் துண்டின் அச்சில் ஒரு கடுகளவு, கம்பி உரசும் இடத்தில் மெல்லிய பூச்சு. அவ்வளவுதான். "நம்ம ஊர்ல கிரீஸ் அதிகம் வச்சா பதர புடிக்கிற பசையாயிடும்" என்றார்.

கேபிள் கதை வேறு. டாஷ்போர்டிலிருந்து என்ஜின் அறைக்குள் கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் அவுட்டர் பிளாஸ்டிக் உறை விரல் நீளத்துக்குக் கறும்பப்பட்டிருந்தது. எலி. கார் நிற்கிற கொட்டகைக்கு ஒட்டியே மாமனார் வைக்கோல் போர் போட்டிருக்கிறார். வயலில் கதிர் அறுந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். என்ஜின் சூடு அவற்றுக்கு ராத்திரியில் சுகம். உறை போன இடத்தில் ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே இன்னர் கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. இழுத்தால் கை பலத்தில் வருகிறது, திரும்பும்போது லாக்கின் சின்ன ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லை. துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வண்டிக்கு முழுக் கேபிள் செட்டே 400 ரூபாய்க்குள் முடிந்தது. துருப்பிடித்த கம்பி ஒரு நாள் பானெட் மூடியிருக்கும்போது அறுந்தால் கிரில்லைக் கழற்றித்தான் திறக்க வேண்டும்.

புதுக் கேபிளை ஓட்டும்போது பழையது போன அதே வழியில், அதே கிளிப்புகளில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். வழியில் ஒரு இடத்தில் செங்குத்தாக மடங்கினாலும் புதுக் கேபிளும் இறுகும். உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும்.

லாக்கைத் திரும்ப மாட்டியபோதுதான் இரண்டாம் பட்டறையின் வேலை முன்னால் வந்து நின்றது. லாக் முதலில் எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. போல்ட்டுத் துளைகள் நீள்வாக்கில் இருப்பதால் லாக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். தளர்த்துவதற்கு முன் லாக்கைச் சுற்றி ஒரு கோடு போட்டிருந்தால் பழைய இடம் தெரிந்திருக்கும். "மார்க் பண்ணாம தொடக் கூடாதுங்க" என்று அண்ணன் சொன்னபோது அவர் குரலில் கோபமே இருந்தது.

என் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, அதைத் தண்ணீரில் தொட்டு, பானெட்டுக் கம்பியின் அடியில் வெள்ளையாகப் பூசினார். பானெட்டை மெதுவாக இறக்கி, கம்பி லாக்கைத் தொட்டதும் தூக்கிவிட்டார். குனிந்து பார்த்தோம். வெள்ளை பிளவுக்கு நடுவில் படவில்லை. முன்னால் நின்று பார்க்கையில் இடது உதட்டின்மேல் ஒரு நெல் அகலத்துக்கு அப்பியிருந்தது. கம்பி பிளவில் இறங்காமல் விளிம்பில் மோதிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் லாக் இடதுபக்கம் ஒரு நெல் அகலம் நகர வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஸ்பேனர் பிடியால் லாக்கைத் தட்டி நகர்த்தினார். மறுபடி சாக்பீஸ், மறுபடி இறக்கல். மூன்றாவது தடவை வெள்ளை பிளவின் நடுவில் சரியாக விழுந்தது. பிறகுதான் போல்ட்டை முடுக்கினார்.

அதற்குப் பிறகு ரப்பர் புஷ். இடம் திருகினால் ஏறும், வலம் திருகினால் இறங்கும். என் நோட்டுத் தாளில் ஒரு பட்டை கிழித்து ஒரு மூலைப் புஷ்மேல் வைத்து மூடி, இழுத்துப் பார்க்கச் சொன்னார். தாள் சுலபமாக வந்தால் புஷ் தாழ்வு. வரவே வராவிட்டால் உயரம். கொஞ்சம் பிடித்துப் பிடித்து வர வேண்டும். இரண்டு மூலையிலும் ஒரே மாதிரி வரும்வரை அரை அரைச் சுற்றாகத் திருகினோம். இப்போது பானெட்டும் இருபக்க மட்கார்டும் ஒரே மட்டத்தில் நின்றன. கடகடச் சத்தம் அன்றோடு போனது.

இடையில் நான் ஒரு பெரிய தப்பைச் செய்யப் போனேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. லாக் சரியாகிவிட்டதா என்று பார்க்க, பானெட் திறந்திருக்கும்போதே திருப்புளித் தண்டால் கொடுக்கை அழுத்தினேன். 'டொக்' என்று கவ்வியது. சந்தோஷத்தில் அப்படியே பானெட்டை மூடப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கொடுக்கு ஏற்கெனவே பூட்டிய நிலையில் இருக்கிறது. அதன்மேல் பானெட்டைப் போட்டால் கம்பி பூட்டிய இரும்பில் மோதி வளையும், இல்லாவிட்டால் லாக் உடையும். லீவரை இழுத்துக் கொடுக்கை விடுவித்துவிட்டுத்தான் மூட வேண்டும். திடீரென்று ஒரு நாள் பானெட் மூட மறுத்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பெட்ரோல் பங்கிலோ வண்டி கழுவுகிற இடத்திலோ யாராவது கை பட்டுக் கொடுக்கு பூட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை, லீவரை ஒரு தடவை இழுத்தால் போதும். திருப்புளியால் அழுத்துவது நல்ல சோதனைதான். கவ்வுகிறதா, லீவரை இழுத்தால் சட்டென்று விடுகிறதா என்று இரண்டையும் பார்த்துவிடலாம்.

மூடுகிற முறையையும் அவர்தான் மாற்றினார். முட்டுக் கம்பியை அதன் கிளிப்பில் மடக்கி வைத்து, பானெட்டை ஒரு அடி உயரம் வரை கையில் தாங்கி இறக்கி, அங்கிருந்து விட்டுவிட வேண்டும். தன் எடையிலேயே விழுந்து கவ்வும். கவ்வாவிட்டால் மேலே அமுக்காமல் மறுபடி திறந்து விட்டுப் பார்க்க வேண்டும், அப்போதும் கவ்வாவிட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். மூடியபின் முன் விளிம்பில் விரலைக் கொடுத்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கொக்கியில்தான் நிற்கிறது என்று அர்த்தம்.

ஓடும்போதே பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வலங்கைமான் ரோட்டில் கண்ட அந்தத் துள்ளல் மனதை விட்டுப் போகவில்லை. "பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க, பின்னாடி வர்றவன் ஏறிடுவான்" என்றார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எல்லா இண்டிகேட்டரையும் போட்டு, சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்தால் பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு வழியாக ரோடு தெரியும். அதுவும் தெரியாவிட்டால் பக்கத்து ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்து இடது ஓரம் போக வேண்டும். அன்று மாலையே நிறுத்திய வண்டியில் கீழே சரிந்து உட்கார்ந்து அந்த இடுக்கு எங்கே இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கூட வரும் இரண்டு டீச்சர்களுக்கும் காட்டினேன்.

எல்லாப் பானெட்டுக் கோளாறும் லாக்கில் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பல மாதம் தென்னை விழுந்த கார்களாகவே பட்டறைக்கு வந்தன என்று அண்ணன் சொன்னார். அவற்றில் லாக் நன்றாக இருக்கும், பின்னால் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கீல் வளைந்திருக்கும். பின் மூலையில் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தெரிந்தால் கீல். மாடு, வரப்பு, முன்னால் போகிற வண்டி என்று எதிலாவது மெல்ல இடித்தபிறகு மூடாவிட்டால் ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குப் பட்டை உள்வாங்கியிருக்கும். இந்த இரண்டும் டிங்கரிங் வேலை, வீட்டில் தொடக் கூடாது. பேட்டரி மாற்றிய மறுநாள் மூடாவிட்டால் பேட்டரியை இறுக்கும் கிளாம்ப் தூக்கி நிற்கிறதா, ஏர் ஃபில்டர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, துடைத்த துணி உள்ளே கிடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வேதாரண்யத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் காருக்கு இதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்திருக்கிறது. அங்கே சுணை குறைவு, உப்புக் காற்று அதிகம். உப்பளம் இருக்கிற ஊர். லாக் ஸ்பிரிங்கே துருப்பிடித்துத் துவண்டுவிட்டது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்கள் வண்டி கழுவும்போது லாக்கையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, மாதம் ஒரு தடவை கிரீஸ் தொட்டு வைப்பது நல்லது. அவர்கள் காரின் லாக்கை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

நான் இப்போது தையிலும் மாசியிலும் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, கிரில்லையும் லாக்கையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். பத்து நிமிஷம் ஆகாது. பிரஷ்ஷைத் தட்டினால் தாளில் விழும் பதரைப் பார்த்தால் அந்த வாரம் எந்த ரோட்டில் அறுவடை என்று சொல்லிவிடலாம். கார் நிறுத்தும் இடத்தை வைக்கோல் போரிலிருந்து தள்ளி வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். எலி பிடிக்கிற கிட்டி வைக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு கொட்டகையைச் சுற்றி வைத்தோம், முதல் ராத்திரியே மூன்று எலி. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை கேபிள் உறையைக் கையால் தடவிப் பார்க்கிறேன். லீவரை விட்டதும் அது தானாகத் துள்ளித் திரும்புகிறதா என்று பானெட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கவனிக்கிறேன்.

கேட்டில் நான் அமுக்கிய பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. டிங்கர் பார்த்துவிட்டு, தட்டி எடுத்தால் பானெட் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். அது இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் பெயிண்ட் முடி அளவுக்கு வெடித்திருக்கிறது. அதற்குள் தண்ணீர் இறங்கினால் துரு அடியில் பரவும். வண்டியின் கலர் எண் கதவு ஓரத்து ஒட்டுச் சீட்டில் இருந்தது, எழுதிக்கொண்டு போய் டச்-அப் பெயிண்ட் பாட்டில் வாங்கி வந்துவிட்டேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் அதை வைத்துவிட வேண்டும்.